31 யூனிட் எங்கே போச்சு?

உங்க வீட்டு ஈபி மீட்டரை கடைசியா எப்ப உத்துப் பார்த்தீங்க? ரீடிங் எடுக்க வர்றவர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். பில் வந்ததும் அப்பா தொகையை மட்டும் பார்ப்பார். நாம அதைத் தாண்டி செருப்பு மாட்டிக்கிட்டு வெளியே போயிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2023 மே மாசம் வரைக்கும்.

முதல் வருஷம் முடிச்சு லீவுக்கு திண்டுக்கல் போயிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில். ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப பார்த்தா, அப்பத்தா ரூம்ல ஃபேன் ஓடலை. கையில பனை விசிறி, முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தாங்க. கரண்ட் போயிடுச்சோன்னு பார்த்தா ஹால்ல ஃபேன் ஓடுது. "ஏன் அப்பத்தா?"ன்னு கேட்டேன். "எனக்கு என்னத்துக்கு சாமி காத்து? பில்லு எக்கச்சக்கமா வந்திருச்சுன்னு உங்கப்பன் பொலம்புறான்ல"ன்னாங்க.

அந்தத் தடவை எங்க வீட்டுக்கு வந்தது 526 யூனிட், 2,158 ரூபாய். அதுக்கு முந்தின பில் 500க்குள்ளதான் இருந்தது.

மறுநாள் காலையில ஒரு கணக்கு போட்டேன். அப்பத்தா ஃபேன் 75 வாட். ராத்திரி 7 மணி நேரம், 60 நாள். 75 × 7 × 60 = 31,500 வாட் மணி, அதாவது 31.5 யூனிட். 526ல இருந்து கழிச்சா 494 சொச்சம். 500க்குக் கீழே! அப்பத்தா எந்தக் கணக்கும் போடாம செஞ்ச காரியம், கணக்குப்படி சரியா இருந்தது. எனக்கு உறுத்தினதும் அதுதான். ஃபேனைப் போடுங்கன்னு சொல்லணும்னா, யாருக்கும் புழுங்காத வேற 31 யூனிட்டை வீட்டுக்குள்ள நான் கண்டுபிடிச்சுக் காட்டணும்.

இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான். இதை நீங்களும் உங்க வீட்டுல செய்யலாம். தேவை ஒரு ஃபோன், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

முதல்ல படிக்கட்டைப் புரிஞ்சுக்கலாம்

26 யூனிட் கூடினதுக்கா அப்பா இவ்வளவு புலம்பினார்? ஆமா, அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஊர்ல வீட்டு மின்கட்டணம் ஒரே சீரா ஏறாது, படிக்கட்டு மாதிரி ஏறும். 2022 செப்டம்பர்ல வந்த அட்டவணையை வச்சுச் சொல்றேன். அந்த மே மாச பில் அதன்படிதான் வந்தது. அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு, அதனால உங்க கணக்குக்கு உங்க பில்லையே எடுத்துக்கோங்க.

ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியா 500ல நின்னா பில் 225 + 900 + 600 = 1,725 ரூபாய்.

500ஐத் தாண்டினா அட்டவணையே வேற. முதல் 100 இலவசம்தான். ஆனா 101ல இருந்து 400 வரைக்கும் முழுசா 4.50. அடுத்த நூறு 6 ரூபாய், 501ல இருந்து 600 வரை 8 ரூபாய். இப்ப 501 யூனிட்டுக்குப் போடுங்க: 1,350 + 600 + 8 = 1,958 ரூபாய்.

பார்த்தீங்களா? அந்த 501வது யூனிட் ஒண்ணே ஒண்ணுக்கு 233 ரூபாய் கூடுது. அதோட விலை 8 ரூபாய்தான். மிச்சம் 225, ரெண்டாவது நூறுல கிடைச்சுக்கிட்டு இருந்த சலுகை கைவிட்டுப் போனதால வந்தது. எங்க வீட்டுல 26 யூனிட் தாண்டினதுக்கு 433 ரூபாய் கூடுதலாப் போச்சு.

இதுல இருந்து ஒரு விஷயம் தெரியுது. மிச்சப்படுத்துற யூனிட் எப்பவும் மேல் படியில இருந்துதான் கழியும். சராசரி விலையில கணக்கு போடாதீங்க. நீங்க நிக்கிற படியோட விலையில போடுங்க. படி விளிம்புல நிக்கிற வீட்டுக்கு நாலஞ்சு யூனிட்கூட பெரிய விஷயம்.

மீட்டர்ல கண் சிமிட்டுற சிவப்பு விளக்கு

எங்கே எவ்வளவு போகுதுன்னு தெரியாம சிக்கனம் பண்ணினா, கண்ணுல படுறதைத்தான் அணைப்போம். லைட், ஃபேன் ரெண்டும் கண்ணுல படும், சத்தம் போடும். அதனால வீட்டுல எல்லாரும் அதைத்தான் திட்டுவாங்க. நிஜமா அளந்து பார்க்க வழி இருக்கா? வாட் மீட்டர் தனியா வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஒண்ணு உங்க வீட்டு வாசல்ல மாட்டியிருக்கு.

எலக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. விட்டு விட்டு எரியும். அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல. குறிப்பிட்ட அளவு மின்சாரம் போனதும் ஒரு தடவை சிமிட்டும். எத்தனை சிமிட்டல் சேர்ந்தா ஒரு யூனிட்னு மீட்டர் முகப்புலயே அச்சடிச்சிருக்கும். ஆங்கிலத்துல 'இம்ப்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்துல 3200, 1600 மாதிரி ஒரு எண்ணைத் தேடுங்க. எங்க வீட்டு மீட்டர்ல 3200. அதாவது 3,200 சிமிட்டல் ஒரு யூனிட்.

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 3,600 செகண்ட். ரெண்டையும் பெருக்கி, 3200ஆல வகுத்தா 1125. ஆக, 3200 மீட்டருக்கு சூத்திரம் இதுதான்:

வாட் = 1125 × சிமிட்டல்கள் ÷ செகண்ட்

உங்க மீட்டர்ல 1600ன்னு இருந்தா 1125க்குப் பதிலா 2250 போடுங்க. வேற எண்ணா இருந்தா, 36 லட்சத்தை அந்த எண்ணால வகுத்துக்கோங்க.

செய்முறை: வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டு, அளக்க வேண்டிய ஒண்ணை மட்டும் போடுங்க. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச். ஒரு சிமிட்டல்ல ஆரம்பிச்சு, அடுத்த பத்து சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. எங்க ஹால் ஃபேன் முழு வேகத்துல பத்து சிமிட்டலுக்கு 150 செகண்ட் எடுத்துச்சு. 1125 × 10 ÷ 150 = 75 வாட். பேசிக் எலக்ட்ரிக்கல் பேப்பர்ல பாஸ் ஆனதைவிட அந்த 75 வந்தப்பதான் அதிக சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரைக் கண்ணால பார்க்கிறதோட சரி. பெட்டியைத் திறக்கிறது, சீலைத் தொடுறது, ஒயரை இழுத்துப் பார்க்கிறது எதுவும் வேண்டாம்.

இன்னொரு எண்ணையும் மனசுல வச்சுக்கோங்க: 1.44. ஏதாவது ஒரு சாமான் 24 மணி நேரமும் 1 வாட் இழுத்தா, 60 நாள்ல 1.44 யூனிட். நம்ம பில் ரெண்டு மாசக் கணக்கு என்பதால இந்த எண் ரொம்ப உபயோகம். 10 வாட் எந்நேரமும் போனா 14.4 யூனிட். எங்க வீடு தாண்டின 26 யூனிட்டை 1.44ஆல வகுத்தா 18 வாட் வருது. ஒரு டியூப்லைட் அளவுக்குக்கூட இல்லாத ஏதோ ஒண்ணு, ராப்பகலா ஓடினா போதும், படி தாண்டிடும்.

எல்லாத்தையும் அணைச்சும் சிமிட்டுது

ரெண்டு நாள் மீட்டர் முன்னாடியே உட்கார்ந்திருந்தேன். தெருவுல போறவங்க "என்னப்பா, ஈபில வேலை கெடச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க. முதல் அதிர்ச்சி, எல்லா ஸ்விட்சையும் அணைச்சு ஃப்ரிட்ஜையும் நிறுத்தின பிறகு வந்தது. விளக்கு 35 செகண்டுக்கு ஒரு தடவை சிமிட்டிக்கிட்டே இருந்தது. 1125 ÷ 35 = 32 வாட். 1.44ஆல பெருக்குங்க: 46 யூனிட். யாருமே எதையுமே பயன்படுத்தாதபோது போற மின்சாரம், அப்பத்தா ஃபேனைவிட அதிகம்.

ஒவ்வொரு ப்ளக்கா உருவினேன். செட்டாப் பாக்ஸைக் கழட்டினதும் 35 செகண்ட் 49 ஆச்சு, அதாவது 23 வாட். ஆக, ரிமோட்ல அணைச்சு வச்ச செட்டாப் பாக்ஸ் 9 வாட் குடிச்சிருக்கு. அடுத்து இன்வெர்ட்டர் ப்ளக்கை எடுத்தேன். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சிமிட்டுச்சு. இன்வெர்ட்டர் 20 வாட். மிச்சம் 3 வாட், டிவி ஸ்டாண்ட்பை மாதிரி சில்லறை.

இன்வெர்ட்டரை நான் தொடலை. மே மாசம் கரண்ட் கட் ஆனா அது வேணும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சரியா ஊத்தி வச்சேன். செட்டாப் பாக்ஸ் விஷயம் சுலபம். டிவி பார்த்து முடிச்சதும் சுவத்து ஸ்விட்சை அணைச்சா, ஒரு நாளைக்கு 18 மணி நேரம் மிச்சம். ரெண்டு மாசத்துக்கு ஏறத்தாழ 10 யூனிட்.

உங்க வீட்டுல எல்லா ப்ளக்கையும் உருவி, இன்வெர்ட்டரையும் நிறுத்தின பிறகும் விளக்கு வேகமா சிமிட்டினா, அதை சிக்கனக் கணக்குல விட்டுடாதீங்க. ஒயரிங்ல கசிவு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

அதே சமயம், நாம எதுக்குத் திட்டு வாங்குறோமோ அதையும் அளந்தேன். ஃபோன் மாட்டாத சார்ஜரை ப்ளக்ல விட்டா மீட்டர்ல தெரியிற அளவுக்குக்கூட எதுவும் இல்ல. 9 வாட் எல்.இ.டி. பல்பை தினமும் ஒரு மணி நேரம் மறந்துட்டா, ரெண்டு மாசத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. அணைக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா பில் அதனால ஏறலை.

ஃப்ரிட்ஜ்: அமைதியா சாப்பிடுறவர்

ஃப்ரிட்ஜை ஒரே தடவை அளந்து முடிவுக்கு வர முடியாது. கம்ப்ரஸர் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். அதனால ரெண்டு அளவு எடுக்கணும். ஓடும்போது எத்தனை வாட்? எங்க வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் பத்து சிமிட்டலுக்கு 87 செகண்ட், ஏறத்தாழ 130 வாட். ஒரு மணி நேரத்துல எத்தனை நிமிஷம் ஓடுது? பக்கத்துல உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். 40 நிமிஷம். அப்படின்னா ஒரு நாளைக்கு 2.08 யூனிட், 60 நாளைக்கு 125 யூனிட்.

ஏன் அவ்வளவு நேரம் ஓடுது? கதவு இடுக்குல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்துப் பார்த்தேன். பிடிமானமே இல்லாம கையோட வந்துடுச்சு. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் கேஸ்கெட் தளர்ந்து போயிருந்தது. குளிர் வெளியே போறதைவிட, ஈரக்காத்து உள்ளே வர்றதுதான் பெரிய பிரச்சினை. அந்த ஈரம் ஃப்ரீஸர்ல ஐஸா உறையும். தடிச்ச ஐஸ் ஒரு போர்வை மாதிரி, குளிரை உள்ளே விடாது. இன்னொரு பக்கம், ஃப்ரிட்ஜைச் சுவரோட ஒட்டி வச்சிருந்தாங்க. உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தைப் பின்னாடி இருக்கிற கம்பி வலைதான் வெளியே விடணும். அதுல தூசி, ஒட்டடை.

கேஸ்கெட் மாத்தினோம். ஐஸைக் கரைச்சோம், கத்தியால குத்தாம, அணைச்சுப் போட்டு. கம்பி வலையைத் தூரிகையால துடைச்சு, சுவர்ல இருந்து நாலு அங்குலம் தள்ளி வச்சோம். மறுபடி அளந்தா மணிக்கு 31 நிமிஷம்தான் ஓடுது. 60 நாளைக்கு 97 யூனிட். மிச்சம் 28. இது ஒண்ணே அப்பத்தா ஃபேனுக்குக் கிட்டத்தட்ட ஈடு.

தோட்டத்துக்குப் போற கரண்ட்

எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தென்னை, நாலு வாழை, முருங்கை, கறிவேப்பிலை, மல்லிச் செடி இருக்கு. தோட்டத்துக்கு ஏது கரண்ட் செலவுன்னு நினைச்சா, அது மோட்டார் வழியாப் போகுது. போர்வெல் மோட்டார் 1 எச்.பி. மீட்டர்ல 60 சிமிட்டலுக்கு 61 செகண்ட், 1,100 வாட். காலையில தொட்டி நிரப்ப 40 நிமிஷம், சாயங்காலம் ஓஸ் பைப்ல செடிக்கு 40 நிமிஷம். ஒரு நாளைக்கு 1.47 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 88.

தண்ணியை மேலே தூக்குறதுக்கு எவ்வளவு சக்தி வேணும்? பள்ளிக்கூடத்துல படிச்ச எம்.ஜி.எச். தான். 1,000 லிட்டர்னா 1,000 கிலோ. கோடையில தண்ணி மட்டம் 150 அடி, மேல் தொட்டியோட சேர்த்து 50 மீட்டர்னு வைங்க. 1000 × 9.8 × 50 = 4,90,000 ஜூல், வெறும் 0.14 யூனிட். ஆனா எங்க 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப அரை மணி நேரம் ஆகுது, அதாவது 0.55 யூனிட். நாலுல ஒரு பங்குதான் தண்ணியைத் தூக்குது. மிச்சம் மோட்டார் சூடு, பம்ப்புக்குள்ள நடக்கிற இழப்பு, குழாய் உராய்வுன்னு போயிடுது. தண்ணி மட்டம் கீழே போகப் போக இதே ஆயிரம் லிட்டருக்கு இன்னும் அதிகம் ஆகும். அதனால தோட்டத்துல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு குடமும் கரண்ட் கணக்குல சேரும்.

அரை மணியில நிரம்புற தொட்டிக்கு 40 நிமிஷம் ஓடுதுன்னா, பத்து நிமிஷம் தண்ணி வழிஞ்சு ஓடுதுன்னு அர்த்தம். தினமும். தொட்டி நிரம்பினா கத்துற ஒரு சின்ன அலாரம் மாட்டினோம். ரெண்டு மாசத்துக்கு 11 யூனிட் மிச்சம்.

அடுத்தது செடி. வெயில்ல காயிற வெறும் மண்ணுல ஊத்தின தண்ணியில பெரும் பகுதி வேர் குடிக்கிறதுக்கு முன்னாடியே ஆவியாப் போயிடும். அதுக்கு மருந்து மூடாக்கு. காஞ்ச இலை, தென்னை ஓலை, வாழைச் சருகு எதுவா இருந்தாலும் செடியைச் சுத்தி நாலு விரல் தடிமனுக்குப் பரப்பிடுங்க. தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம், கொஞ்சம் இடம் விடுங்க, இல்லைன்னா அழுகும். தென்னைக்குச் சுத்தி வட்டப் பாத்தி வெட்டி, தேங்காய் மட்டையை நார்ப் பக்கம் மேலே பார்த்த மாதிரி புதைச்சோம். மட்டை தண்ணியை ஊறி வச்சுக்கிட்டு மெதுவா விடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பத்தாதான். "நாங்க அந்தக் காலத்துல மோட்டாரு போட்டா தென்னை வளத்தோம்?"னு ஒரு குத்தலோட.

அரிசி, காய் கழுவுற தண்ணியை வாழைக்குத் திருப்பிவிட்டோம். சோப்புத் தண்ணியைத் தனியாவே விட்டுட்டோம். மூடாக்கு போட்ட பிறகு விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்தா, மறுநாளும் ஈரம் இருந்தது. அதனால தினமும் ஊத்துறதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். 22 யூனிட் மிச்சம். செடி எதுவும் வாடலை.

ஃபேனுக்கு மேலே இருக்கிற மொட்டை மாடி

சரி, 31 யூனிட் கிடைச்சாச்சு. செட்டாப் பாக்ஸ் 10, ஃப்ரிட்ஜ் 28, தொட்டி 11, தோட்டம் 22. மொத்தம் 71. ஆனா அப்பத்தா இன்னொண்ணும் சொன்னாங்க: "ஃபேன் போட்டாலும் அனல் காத்துதான் வருது சாமி."

அதுவும் நிஜம். திண்டுக்கல் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி சொச்சம் வடக்கே இருக்கு. ஏப்ரல் நடுவுல மதியம் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிக்கும். அப்ப வெயில் அதிகமா விழுறது சுவர்ல இல்ல, மொட்டை மாடியில. கான்கிரீட் பகல் முழுக்க அந்த வெப்பத்தைச் சேர்த்து வச்சு, ராத்திரி ரூமுக்குள்ள மெதுவா இறக்கும். அப்பத்தா ரூம் நேரா மாடிக்குக் கீழே. ஃபேன் காத்தைக் குளிர வைக்காது, நம்ம வேர்வையைக் காய வைக்கும், அதுல நமக்குக் குளிரும். மேலே இருந்து இறங்குற சூட்டை அது ஒண்ணும் பண்ண முடியாது.

மாடியில வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிச்சோம். வெள்ளைப் பரப்பு வெயிலை நிறையத் திருப்பி அனுப்பிடும். மேற்குச் சுவர் பக்கம் அவரைப் பந்தல் போட்டோம். மதியத்துக்கு மேல சாயுற வெயிலை அது தாங்கிக்கும். தோட்டம் கரண்டைச் செலவு மட்டும் செய்யலை, இப்படித் திருப்பியும் கொடுக்கும்.

ஃபேனைப் பத்தி ரெண்டு விஷயம். பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தா மாத்துங்க. அது வேகத்தைக் குறைக்கிறப்ப மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல அந்த இழப்பு ரொம்பக் குறைவு. ரெண்டாவது, பி.எல்.டி.சி. ஃபேன். 75 வாட் வேலையை ஏறத்தாழ 30 வாட்ல முடிக்கும். விலை அதிகம், அதனால எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்த வேண்டாம். அதிக நேரம் ஓடுறதை முதல்ல மாத்துங்க. தினமும் 14 மணி நேரம் ஓடுற ஹால் ஃபேன்னா, ரெண்டு மாசத்துக்கு 38 யூனிட் மிச்சம். தினமும் ஒரு மணி நேரம் ஓடுற ஃபேனை மாத்தினா மூணு யூனிட்கூட வராது.

"எங்க வீட்டுல ஏசி இருக்கே?"

ஏசி, ஹீட்டர் இருக்கிற வீட்டுக்கும் இதே முறைதான், எண்கள்தான் பெரிசு. ஏசியில ஒரு டிகிரி கூட்டி வச்சா ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும்னு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லுது. 2020ல இருந்து புது ஏசிகள் 24 டிகிரியிலதான் தொடங்கணும்னு விதி வந்ததும் அதனாலதான். 26ல வச்சு ஃபேனை மெதுவா ஓட விட்டுப் பாருங்க. 18ல வச்சா ரூம் சீக்கிரம் குளிராது, ரொம்ப நேரம் ஓடும், அவ்வளவுதான்.

வெந்நீர்: ஒரு வாளி, 18 லிட்டர் தண்ணியை 28 டிகிரியில இருந்து 42க்குக் கொண்டுபோக 0.3 யூனிட் போதும். கீசரைப் போட்டுட்டு மறந்துபோய் ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குளிக்கிறதுதான் இழப்பு.

அப்புறம் அந்த 'பவர் சேவர்' டப்பா. ப்ளக்ல சொருகினா பில் பாதியாகும்னு விளம்பரம் வருமே, அதுதான். உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பவர் ஃபேக்டரைக் கொஞ்சம் திருத்தலாம். ஆனா வீட்டு மீட்டர் கணக்கு எடுக்கிறது கிலோவாட் மணியை, கே.வி.ஏ. மணியை இல்ல. அதனால பில் குறையாது. எலக்ட்ரிக்கல் படிக்கிற நாமளாவது வீட்டுல இதைச் சொல்லி அந்தப் பணத்தைக் காப்பாத்தணும்.

கடைசிக் கணக்கு

எங்க 526 யூனிட் இப்படித்தான் பிரிஞ்சிருந்தது: நாலு ஃபேனும் சேர்ந்து 180, ஃப்ரிட்ஜ் 125, மோட்டார் 88, சும்மா போனது 46. மிச்சம் 87ல டிவி, லைட், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், என் லேப்டாப் எல்லாம் அடக்கம். என் லேப்டாப்தான் காரணம்னு சொன்ன தம்பிக்கு இந்தக் கணக்கை ரெண்டு தடவை காட்டினேன்.

ஜூலையில வந்த பில் 461 யூனிட். 225 + 900 + 366 = 1,491 ரூபாய். காத்துக் காலம் என்பதால கொஞ்சம் தானாகவே குறைஞ்சிருக்கும், முழுப் பெருமையையும் நான் எடுத்துக்க முடியாது. ஆனா அந்த 461ல அப்பத்தா ஃபேன் ராத்திரி பூரா ஓடின கணக்கும் இருக்கு.

இதுல நான் கத்துக்கிட்டது சூத்திரத்தைவிட வேற ஒண்ணு. வீட்டுல சிக்கனம்னு ஒரு பேச்சு வந்தா, யார் வாய் திறக்க மாட்டாங்களோ அவங்கதான் முதல்ல எதையாவது விட்டுக்கொடுப்பாங்க. ஃப்ரிட்ஜ் கேஸ்கெட்டும் செட்டாப் பாக்ஸும் யார்கிட்டயும் திட்டு வாங்காம சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். அளந்து பார்க்காத வரைக்கும் இந்த அநியாயம் யார் கண்ணுலயும் படாது.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. மீட்டர்ல அந்த எண்ணைக் குறிச்சுக்கோங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை சிமிட்டுதுன்னு பாருங்க. ஃப்ரிட்ஜ் கதவுல பேப்பரை வச்சு இழுங்க. தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம்னு எழுதி வைங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, வீட்டுல எல்லா ரூம்லயும் ஃபேன் ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துட்டுப் படுங்க.